பிடிமண் வராத ஊரில் குலசாமி

கேள்வி: அம்மா, வணக்கம். எனக்குச் சிவகங்கைப் பக்கம். கணவருக்கு டோர்ட்முண்டில் வேலை கிடைத்ததால் போன ஆடியில் இங்கே வந்தோம். ஊரில் இருந்தவரை நான் பெரிய பக்தை என்று சொல்ல முடியாது. ஆனால் கண்மாய்க் கரையில் எங்கள் அய்யனார் இருக்கிறார். சிவராத்திரிக்குப் போய் ஒரு பொங்கல் வைத்துவிட்டு வந்தால் மனசு அடங்கிவிடும். இங்கே அலமாரியில் நாலு படம் வைத்து விளக்கேற்றுகிறேன், யார் வீட்டிலோ சாமி கும்பிடுவது போல் இருக்கிறது. சாம்பிராணி போட்டால் புகை அலாரம் கத்துகிறது, அதையும் நிறுத்திவிட்டேன். ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு ஒரு தடவை போனோம். அங்கே எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அவர்கள் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழ் எனக்குப் பாதி பிடிபடவில்லை. கும்பிட்டோம், சாப்பிட்டோம், வந்துவிட்டோம். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறோம். அய்யனார் கோயிலில் பிடிமண் எடுத்துப் போய் வீட்டில் வை என்கிறார் அத்தை. எடுத்து வரலாமா? அது வந்தால் இந்த அந்நியம் போகுமா?
- வாசகி, டோர்ட்முண்ட்

பதில்: பிள்ளை, மண்ணை எடுத்து வராதீர்கள். இந்தியாவில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மண் கொண்டுவரத் தடை இருக்கிறது. மண்ணோடு பூச்சியும் நோயும் வந்து இங்குள்ள பயிரைக் கெடுத்துவிடும் என்பது காரணம். ஒரு கைப்பிடிதானே என்று சுங்கத்தில் சொல்லிப் பயனில்லை, வாங்கி எறிந்துவிடுவார்கள். அய்யனார் மண் விமான நிலையக் குப்பையில் போனது என்ற மனக்கவலையோடு நீங்கள் இங்கே காலம் தள்ள வேண்டாம்.

உங்கள் அத்தை சொல்வது நல்ல வழக்கம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது ஊரில் கோயில் எழுப்பினார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ கருப்பரும் அய்யனாரும் அப்படி வந்து குடியேறியவர்கள்தான். ஆனால் அந்த ஆட்கள் கொண்டுவந்த மண்ணைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. புது ஊர் மண்ணோடு சேர்த்துப் பீடம் போட்டார்கள். பிறகு அந்தப் புது ஊர்த் தண்ணீரில், அந்தப் புது ஊர் அரிசியில் பொங்கல் வைத்தார்கள். பிடிமண்ணுக்குப் பலன் அந்தப் பொங்கலில்தான் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

அய்யனார் எல்லைச் சாமி, ஊரைக் காக்கிறவர். அவருடைய எல்லையைத் தாண்டி வந்துவிட்டோம் என்பதுதான் உங்கள் உள்மனதில் கிடக்கிற பயம் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது. அப்படியானால் அடுத்த மாதம் போகும்போது அவர் முன்னால் நின்று சொல்லிவிட்டு வாருங்கள். நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம், டோர்ட்முண்ட் என்று ஊர், இன்ன தெரு, இத்தனையாம் மாடி என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். வாய்விட்டே சொல்லுங்கள். குலசாமியோடு சனம் காலங்காலமாக அப்படித்தான் கதைத்து வந்திருக்கிறது. மனம் கேட்காவிட்டால் பூசாரியிடம் சொல்லிப் பூக்கட்டிப் பார்த்து உத்தரவு வாங்கி வாருங்கள். மண்ணுக்குப் பதிலாக அங்கே கொடுக்கிற திருநீற்றைக் கொண்டு வாருங்கள், அதற்கு இந்தத் தடை இல்லை. இங்கே வந்ததும் மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து படத்தடியில் வையுங்கள். அது யூரோக் காசாகவே இருக்கட்டும். நீங்கள் இங்கே உழைத்த காசு, அடுத்த முறை போகும்போது அவர் உண்டியலில் விழட்டும்.

இனி ஹம் கோயிலுக்கு வருகிறேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய உண்டு.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம். நான் 1986இல் இங்கே வந்தேன். 1990இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. பிறகு எங்கள் ஊர் இருக்கிற வலிகாமம் வடக்கை இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் என்று மறித்துவிட்டார்கள். கந்தசுவாமி கோயிலுக்கு அங்கே பிறந்த சனமே நினைத்தபடி போய்வர நீண்ட காலம் வழியில்லாமல் இருந்தது. பக்கத்துக் கீரிமலையும் அப்படித்தான். கடலுக்கு ஒட்டினாற்போல் நன்னீர் ஊறுகிற கேணி அது. ஆடி அமாவாசைக்குச் சுற்றுவட்டாரமே அங்கே திரளும். எனக்குப் பிடிமண் எடுத்துத் தர அங்கே ஒருவரும் இல்லை.

1989இல் ஹம் நகரில் பாஸ்கரக் குருக்கள் ஒரு கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் காமாட்சி அம்பாளை வைத்துப் பூசை தொடங்கினார். கேள்விப்பட்டு அகதிச் சனம் எங்கெங்கிருந்தோ வந்தது. 1993இல் அம்பாள் வெளி வீதிக்கு வந்தா. கூட்டம் பெருகப் பெருக அக்கம்பக்கத்தார் சத்தம், வாகன நெரிசல் என்று முறையிட்டார்கள். அது நியாயம் இல்லாத முறைப்பாடும் அல்ல, சின்னத் தெரு அது. கடைசியில் நகரின் கிழக்கு ஓரத்தில், ஊன்ட்ரொப் தொழிற்பேட்டையில் நிலம் வாய்த்தது. 2002 ஜூலை 7ஆம் திகதி கும்பாபிஷேகம். இந்தியாவில் இருந்து சிற்பாசாரிகள் வந்து வேலை செய்த, 17 மீற்றர் உயர இராசகோபுரம் அது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், சுற்றிலும் தொழிற்கூடங்களும் அனல்மின் நிலையமும்தான். தலபுராணம் எதுவும் இல்லாத இடம். அகத்தியரும் வரவில்லை, ஆழ்வாரும் நாயன்மாரும் பாடவில்லை.

தீர்த்தமும் அப்படித்தான். திருவிழாவில் அம்பாள் தீர்த்தமாடுவது பக்கத்தில் ஓடுகிற டாட்டெல்ன்-ஹம் கால்வாயில். சரக்குப் படகு போவதற்காக வெட்டி, 1914இல் திறந்த கால்வாய். கீரிமலையில் முழுகிய எனக்கு முதலில் அது மனதுக்கு ஒட்டவே இல்லை. ஆனால் குருக்கள்மார் கும்பத்துத் தண்ணீரில் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? கங்கை, யமுனை, கோதாவரி, காவேரி என்று ஏழு நதிகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு இந்தத் தண்ணீரில் வந்து இருங்கள் என்கிறார்கள். எந்த ஊர்த் தண்ணீர் என்று அந்த மந்திரம் கேட்பதில்லை. நம் முன்னோர் எவ்வளவு தூரம் நடந்தவர்களாக இருந்தால் இப்படி ஒரு வழியைச் செய்து வைத்திருப்பார்கள்! டோர்ட்முண்டில் உங்கள் குழாயில் வருவது ரூர் ஆற்றுத் தண்ணீர். அதைச் செம்பில் பிடித்து வைத்து அதே பேர்களைச் சொல்லுங்கள். கூடவே உங்கள் ஊர்க் கண்மாய்ப் பேரையும் சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்கு இடறிய ஒரு வரி இருக்கிறது. கும்பிட்டோம், சாப்பிட்டோம், வந்துவிட்டோம். விருந்தாளி அப்படித்தான் வந்து போவார். ஹம் கோயிலில் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக நீங்கள் கண்டது எல்லாம் ஒரே ஊர்ச்சனம் இல்லை. ஒருவர் பருத்தித்துறை, ஒருவர் வவுனியா, ஒருவர் தீவுப்பகுதி. ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திராது. ஒன்றாக வெங்காயம் உரித்து, ஒன்றாக அண்டா கழுவித்தான் தெரிந்தவர்கள் ஆனார்கள்.

மே, ஜூன் வாக்கில் திருவிழா வரும், ஏறக்குறைய 2 வாரம் நடக்கும். தேரன்று இருபதாயிரம் பேர் வரை சேருவார்கள். அந்த நாளில் முதன்முதலாகப் போய் நின்றால் யாருக்கும் உங்களைத் தெரியாது. அதற்கு முன்னமே, ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை பின்னேரம் போங்கள். மாலை கட்டுகிற பெண்கள் இருக்கிற பக்கம் போய், "அன்ரி, நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். "இருங்கோ பிள்ளை, நாங்கள் பார்ப்பம்" என்பார்கள். அது உபசாரம். அடுத்த வெள்ளியும் போய்க் கேளுங்கள்.

மாலை கட்டுவதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே வாளிகளில் நிற்பது மல்லிகை இல்லை. செவ்வந்தியும் கார்னேஷனும்தான். வாழைநார் கிடையாது, பருத்தி நூல். கார்னேஷனுக்குக் காம்பு விறைப்பு. அதை ஒரு விரற்கடைக்கு நறுக்கி, பூவின் கீழே பச்சைக் குழல் தொடங்குகிற இடத்தில் நூலைச் சுற்றி இழுக்க வேண்டும். கொஞ்சம் மேலே போனால் இதழ் உதிரும், கீழே போனால் பூ தலை தொங்கும். எங்கள் எல்லாருக்கும் அது இங்கே வந்து பழகிய கைவேலை. சிவகங்கைப் பிள்ளைக்குப் பூக்கட்டத் தெரியாமலா இருக்கும்? உங்கள் விரல் ஓடுவதைப் பார்த்ததும் பக்கத்தில் இருக்கிறவ எந்த ஊர், எப்ப வந்தனீங்கள் என்று தொடங்கிவிடுவா. அப்புறம் பேச்சு தானாக விளங்கும். புரியாத சொல்லைத் திருப்பிக் கேளுங்கள், அவர்களுக்கும் உங்கள் பேச்சில் கேட்க நிறைய இருக்கும்.

வீட்டு விஷயம் சின்னதுதான். நீங்கள் இருக்கிற மாநிலத்தில் புகை அலாரம் படுக்கையறையிலும் பிள்ளைகள் அறையிலும் வெளியே போகிற நடையிலும்தான் கட்டாயம், குசினியில், அதாவது சமையலறையில், கட்டாயமில்லை. வீட்டுக்காரர் அங்கேயும் பூட்டவில்லை என்றால் சாமி அலமாரியைக் குசினிக்கு மாற்றுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்சமாகச் சாம்பிராணி போடுங்கள். அலாரத்தை மட்டும் கழற்றி வைக்காதீர்கள். கார்த்திகைக்கு எங்கள் பக்கம் விளக்கீடு என்று வாசலில் வாழைக்குற்றி நட்டுத் தீபம் வைப்போம். இங்கே அந்த நேரத்தில் பிற்பகல் நாலரைக்கே இருட்டிவிடும், ஜெர்மன்காரரும் நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) முன் ஜன்னல்தோறும் விளக்கு வைத்திருப்பார்கள். திரைச்சீலையை ஒதுக்கி, கண்ணாடிக் கூட்டுக்குள் உங்கள் அகலையும் வையுங்கள். தெருவில் போகிறவர்களுக்கு அது இந்தத் தெருவின் விளக்காகத்தான் தெரியும்.

அந்நியம் போகுமா என்று கேட்டீர்கள். எனக்கு முழுக்கப் போகவில்லை, போக வேண்டும் என்றும் நான் வேண்டிக்கொள்வதில்லை. மாவிட்டபுரத்தை நினைத்து அழுகை வருகிற நாள் இன்னும் உண்டு. ஆனால் அழுகை வந்தால் ஹம்முக்குத்தான் பஸ் பிடிக்கிறேன்.

கேள்வி: நான் தூத்துக்குடிக்காரன், டூயிஸ்பர்க்கில் வேலை. பனிமய மாதா திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இங்குள்ள பூசை ஒட்டவில்லை. தமிழில் கும்பிட இடம் உண்டா, அக்கா?
- வாசகர், டூயிஸ்பர்க்

பதில்: தம்பி, கெவலார் என்ற மாதா யாத்திரைத் தலம் உங்களுக்குக் கிட்ட. கிறேபெல்ட் போய் ரயில் மாற வேண்டும். முப்பதாண்டுப் போர் நடந்த காலத்தில், 1641 கடைசியில், ஹென்ட்ரிக் புஸ்மன் என்ற ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்கிற மனிதர் வழியோரச் சிலுவையடியில் செபித்தபோது, "இங்கே எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு" என்று குரல் கேட்டதாம். 1642இல் கட்டி, உள்ளங்கையளவு காகிதத்தில் அச்சடித்த மாதா படம் ஒன்றை வைத்தார். படைவீரர் கை வழியாக வந்த படம். இன்றைக்கும் அதுதான் அங்கே. துயருற்றோருக்கு ஆறுதலான மாதா என்று பேர். ஒவ்வோர் ஆகஸ்டிலும் தமிழர் யாத்திரை நடக்கும், தமிழில் பூசை, ஆயிரக்கணக்கில் சனம். இலங்கையில் மடு மாதாவிடம் போய்வந்த பழக்கத்தில் சைவக்காரரும் வருவார்கள், நானும் போவேன்.

இன்னொன்று. நகரசபையில் பதியும்போது கத்தோலிக்கர் என்று எழுதியிருந்தால் உங்கள் வருமான வரியில் 9 சதவீத அளவு தேவாலய வரியாகப் போய்க்கொண்டிருக்கும். அதனால் உங்கள் பகுதிப் பங்கு ஆலயம் ஏற்கெனவே உங்களுடையதும்தான். பங்கு அலுவலகத்தில் போய்த் தமிழ்ப் பூசை கிட்ட எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். கேட்கிறபோது, அவர்களுடைய பெருவிழாவுக்கு மேசை தூக்க ஆள் வேண்டுமா என்றும் கேளுங்கள். யாத்திரைத் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஜூலையிலேயே விசாரித்து வையுங்கள். அன்றைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் சிற்றாலயத்தின் கிட்ட நெருங்க முடியாது.