முடக்குவாதத்துக்கு (மூட்டெல்லாம் வீங்கி அரிச்சுப்போற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) டாக்டர் குடுக்கற மாத்திரை போதாதா, பேஷண்ட்டுக்குத் தனியா கிளாஸ் எடுக்கறது அவசியமா?

போதாதுங்க. நான் மூட்டு வாத ஓபில நர்ஸ், டாக்டர் சீட்டு எழுதினதும் பேஷண்ட் என்கிட்ட தான் வந்து உக்காருவாங்க, அதனால அடிச்சு சொல்றேன், இந்த நோய்ல பாதி வைத்தியம் வீட்டுல அவங்க கையில தான் நடக்குது.

மெத்தோட்ரெக்ஸேட்டையே எடுத்துக்குங்க. இந்த நோய அடக்கக் குடுக்கற முக்கியமான மருந்து, வாரத்துல ஒரே ஒரு நாள் போடற மாத்திரை. மத்ததெல்லாம் தினமும் போட்டுப் பழகினவங்க இதையும் தினமும் போட்டுட்டா வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணு குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். அதனால நான் "எந்தக் கிழமைம்மா போடப்போறீங்க?"ன்னு கேட்டு அவங்க வாயாலேயே சொல்ல வெச்சு, அந்தக் கிழமைய கவர் மேல பெருசா எழுதி, இதோட பக்கவிளைவு குறையக் குடுக்கற ஃபோலிக் ஆசிட் விட்டமின் மாத்திரைக்கு வேற நாள் குறிச்சு, வீட்டுலேருந்து கூட வந்தவங்களையும் ஒருதடவை திருப்பிச் சொல்லச் சொல்லித்தான் அனுப்புவேன்.

அடுத்தது பொறுமை. இந்த மாத்திரை வேலை செய்ய 6லேருந்து 12 வாரம் ஆகும்னு யாரும் முன்னாடியே சொல்லலன்னா "ஒண்ணும் கேக்கல"ன்னு மூணாவது வாரமே நிறுத்திடுவாங்க, வெறும் வலி மாத்திரைலயே ஓட்டுவாங்க, வலி அடங்கியிருக்கும், ஆனா உள்ள மூட்டு அரிச்சுக்கிட்டே இருக்கும். அதுதான் எனக்கு ரொம்ப வேதனையா இருக்கும், ஏன்னா ஒருதடவை கோணின விரல மாத்திரையால நேராக்க முடியாது. ஸ்டீராய்டையும் திடீர்னு சொந்தமா நிறுத்தக்கூடாது.

காலைல எழுந்ததும் கை விறைப்பு விட எவ்ளோ நேரம் ஆகுதுன்னு குறிச்சு வெக்கச் சொல்லுவேன். முன்ன அரைமணில விட்டது இப்ப ஒண்ணரை மணி ஆகுதுன்னா டாக்டருக்கு அது பெரிய தகவல்.

கைய பாத்துக்கறதும் கத்துக்கற விஷயம் தான். பாத்திரத்த விரல் நுனியால தூக்காம ரெண்டு உள்ளங்கையும் அடியில குடுத்து தூக்கணும், ஈரத்துணிய குழாய்ல சுத்திப் பிழியணும், பையை விரல்ல தொங்கவிடாம முழங்கைகிட்ட மாட்டிக்கணும். வீக்கம் இருக்கறப்ப அந்த மூட்டுக்கு ஓய்வு, அடங்கினதும் எக்சர்சைஸ், ரெண்டுமே வேணும். சிகரெட்ட விட்டே ஆகணும்.

வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு, இந்த நோயோட அசதி வெளில தெரியாது, "நல்லாத்தானே இருக்கே"ன்னு சொல்லாதீங்க ப்ளீஸ்.

குழந்தைக்கு பிளான் பண்றவங்க மெத்தோட்ரெக்ஸேட்ட பல வாரம் முன்னாடியே நிறுத்த வேண்டியிருக்கும், அதனால கூச்சப்படாம முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. காய்ச்சல் வந்தா அடுத்த டோஸ் போடறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க.