எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது பழைய வயரை விட்டுவைக்காதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. போன வாரத்திலிருந்து பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. கடையில் காட்டினோம், எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது என்றார்கள். வேறு கம்பெனியில் 650 வாட்ஸ் ஒன்று வாங்கிவிட்டோம். பழையது, புதியது இரண்டுமே வயரைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாடுலர் வகை. உள்ளே வயரெல்லாம் ஏற்கனவே அழகாக இழுத்துக் கட்டியிருக்கிறது, பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு அதே வயரைச் சொருகிவிடலாம் என்கிறான் மகன். செய்யலாமா? - ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: எஸ்.எம்.பி.எஸ்.ஸை நீங்களே மாற்றலாம், அதற்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். ஆனால் அந்த வயர் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். தம்பியை உட்காரவைத்து இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

வயரின் ஒரு முனை மதர்போர்டுக்கோ ஹார்ட் டிஸ்க்குக்கோ போகிறது. அந்த முனைக்கு உலகம் முழுக்க ஒரே விதிதான். மதர்போர்டில் சொருகும் 24 பின் பிளக் என்றால் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது எந்தக் கம்பெனியானாலும் மாறாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் சொருகும் முனைக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறுவதும் உண்டு. சொருகினால் ‘கிளிக்’ என்று கச்சிதமாகப் போய் உட்காரும், அதுதான் ஆபத்தே. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய்விடும்.

இப்படி ஆன ஹார்ட் டிஸ்க்குகள் மதுரையில் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. பின்பக்கம் பச்சை நிறச் சின்ன போர்டு ஒன்று இருக்கும். அதைக் கழற்றித் திருப்பினால், பவர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் கருப்பாக ஒரு டயோடு தெரியும். கூடுதல் வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்ற பாகங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை. சில நேரம் அது மட்டும் போயிருக்கும், எடுத்துவிட்டால் டிஸ்க் ஓடிவிடும், உள்ளே இருப்பதைக் காப்பி செய்துகொள்ளலாம். பல நேரம் அதையும் தாண்டி போர்டில் இருக்கும் ஐ.சி. (சிப்) கருகியிருக்கும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படமெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எதிரில் நிற்பவரிடம் என்ன பதில் சொல்வது? அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பழைய பெட்டியோடு அதன் வயர் ஒன்றுவிடாமல் வெளியே வரட்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவையுங்கள், வேறு எதோடும் கலக்க வேண்டாம்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். எக்காரணம் கொண்டும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி.யாக மாறி, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்டன்சரில் நிற்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

வயர்களைக் கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேபினெட்டின் பின்பக்கம் நான்கு ஸ்க்ரூ. எஸ்.எம்.பி.எஸ். மேலே இருக்கும் கேபினெட் என்றால் கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது இன்னொரு கையால் பெட்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நேராகப் பிராசசர் ஃபேன் மீதுதான் விழும்.

புதிய பெட்டி ஏ.டி.எக்ஸ். என்ற பொதுவான அளவு என்றால் அகலம் 150 மில்லிமீட்டர், உயரம் 86. இது மாறாது. நீளம்தான் மாறும். 140 சாதாரணம், 160, 180 என்றும் வருகிறது. உள்ளே ஹார்ட் டிஸ்க் கூண்டுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். வயர் சொருகி வளைவதற்கும் இடம் வேண்டும். (அலுவலகங்களிலிருந்து கழித்துக் கட்டிய பிராண்டட் மெஷினை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கவனிக்க: அவற்றில் பலவற்றுக்கு அளவும் வேறு, மதர்போர்டு பிளக்கும் வேறு. கடையில் கிடைக்கும் பொதுவான எஸ்.எம்.பி.எஸ். அப்படியே பொருந்தாது.)

ஃபேன் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் குழம்புவார்கள். எஸ்.எம்.பி.எஸ். கீழே உட்காரும் கேபினெட்டில், அடியில் சல்லடையும் தூசு வடிகட்டியும் இருந்தால் ஃபேன் கீழ்நோக்கி இருக்கட்டும். அடியில் ஓட்டை இல்லையென்றால் மேல்நோக்கி வையுங்கள். மேலே மாட்டும் கேபினெட்டில் ஃபேன் உள்பக்கம், கீழ்நோக்கித்தான். கீழ்நோக்கி வைப்பவர்கள் கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள். நம் வீடுகளில் தினமும் பெருக்குகிற தூசு முழுவதும் அந்தச் சல்லடைக்குத்தான் போகும். ஒரு சின்னப் பலகை மேல் வையுங்கள்.

நான்கு ஸ்க்ரூவையும் முதலில் கையால் பாதி திருகிவிட்டு, பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டால் நான்காவது ஓட்டை நேருக்கு வராது. எஸ்.எம்.பி.எஸ். ஸ்க்ரூவின் மரை கொஞ்சம் அகலமானது. டிவிடி டிரைவுக்குப் போடும் நெருக்கமான மரை ஸ்க்ரூ இதில் பிடிக்காது, லொடலொடவென்று இருக்கும்.

அடுத்தது பிராசசருக்குப் போகும் வயர். இதில்தான் நேரம் பிடிக்கும். மதர்போர்டின் மேல் மூலையில், பிராசசர் ஹீட் சிங்குக்கும் கேபினெட் தகட்டுக்கும் நடுவில், இரண்டு விரல்கூட நுழையாத இடத்தில் அதன் சாக்கெட் இருக்கும். வயரைப் பின்பக்கமாகவே மேலே கொண்டுபோய் அந்த மூலை ஓட்டை வழியாக எடுங்கள். பிளக் 4+4 என்று இரண்டாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் பிளக் 6+2 என்று பிரியும். இரண்டுக்கும் எட்டு பின்தான், ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். வடிவம் வேறு என்பதால் தானாகப் போகாது, அழுத்தித் திணித்தால்தான் போகும். அதனால் போகவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள், பலம் காட்டாதீர்கள்.

24 பின் மட்டும் விதிவிலக்கு, அதற்குக் கொஞ்சம் பலம் வேண்டும். அழுத்தும்போது போர்டு வளைவது கண்ணுக்கே தெரியும். ஒரு கையால் பிளக்கைப் பிடித்து, மறு கை விரல்களைப் போர்டு ஓரத்துக்கு முட்டுக் கொடுத்து, கொக்கி விழும்வரை நேராக அழுத்துங்கள். ஹார்ட் டிஸ்க் வயர்களைச் சொல்ல வேண்டியதில்லை, அவை ஒரு பக்கம்தான் போகும்.

கேபினெட்டை மூடுவதற்கு முன்பே ஓட்டிப் பாருங்கள். எதுவும் அசையவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்கச் சின்ன சுவிட்ச் ‘I’ பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் பிராசசருக்கான அந்த மூலை பிளக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

புதியதிலும் ஃபேன் ஒரு சுற்றோடு நின்றுவிட்டால் பழையதன் மேல் தப்பில்லை, வேறு எங்கோ ஷார்ட் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: கேபினெட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. பிராசசர் 65 வாட்ஸ், புதிதாகப் போட்ட கிராபிக்ஸ் கார்டு 120 வாட்ஸ். கேம் ஓடும்போது மெஷின் அணைந்துவிடுவது ஏன்? - ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: 450 என்ற பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் +12V என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கார்டும் அதிலிருந்துதான் இழுக்கின்றன. இந்த மாதிரி மலிவு எஸ்.எம்.பி.எஸ்.களில் 16 ஆம்பியர் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட்ஸ். உங்கள் பிராசசரும் கார்டும் மட்டுமே 185. ஃபேன், டிஸ்க் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. கார்டு கண நேரத்துக்கு எகிறி இழுப்பதும் உண்டு. கார்டில் குறை இல்லை, எஸ்.எம்.பி.எஸ்.தான் மாற வேண்டும். 12 வோல்ட்டில் மட்டும் 400 வாட்ஸுக்குக் குறையாமல் தருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ். மாற்றியதிலிருந்து கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா? - ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: திருப்பிக் கொடுத்தாலும் அடுத்ததும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் சாக்கெட்டில் எர்த் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே மின் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகட்டுக்குச் சின்ன கண்டன்சர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் 230இல் பாதி, சுமார் 115 வோல்ட், தகட்டிலேயே நிற்கும். அந்தக் கசிவு மிகச் சிறியது என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நாளைக்கு கிரைண்டரிலோ ஃபிரிட்ஜிலோ உண்மையான கசிவு வந்தால் உயிருக்கே ஆபத்து. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 230ஐ ஒட்டி வர வேண்டும். எர்த் சரியான பிறகும் ஷாக் அடித்தாலோ, வீட்டு டிரிப்பர் விழுந்தாலோ அப்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

எர்த் சரியாகும்வரை மெஷினை ஓட்டாதீர்கள். டிவியோடு சேர்க்கும் எச்.டி.எம்.ஐ. வயரையும் பிளக்குகளைப் பிடுங்காமல் கழற்றி மாட்ட வேண்டாம். தகட்டில் நிற்கும் அந்த வோல்டேஜ் வயர் வழியாகப் போய் டிவியின் போர்ட்டைக் கெடுத்துவிடும்.