பின்னாடி உக்காந்தவங்களுக்கு ஹெல்மெட் ஃபைன்

கேள்வி: பைக்ல கடலூர் போனப்ப பின்னாடி உக்காந்திருந்த வீட்டம்மா ஹெல்மெட் போடலன்னு ஆயிரம் ரூபா ஃபைன் போட்டுட்டாங்க ஐயா. நான் போட்டிருந்தேன், எங்க பக்கம் பின்னாடி இருக்கறவங்கள யாரும் கேக்கறதே இல்ல. கட்ட மாட்டேன்னு கடலூர் கோர்ட்ல கேஸ் நடத்தறேன், வாய்தா மேல வாய்தாவா போகுது. விட்டுடலாமா, கடைசி வரைக்கும் பாத்துடலாமா?
- ஒரு எலக்ட்ரீஷியன், அரியாங்குப்பம்

பதில்: விட்டுடுங்க தம்பி. மோட்டார் வாகன சட்டம் 129-வது பிரிவுல ஓட்டறவர், பின்னாடி உக்காறவர் ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் கட்டாயம், அது மத்திய சட்டம், புதுச்சேரி-கடலூர் எல்லையில இருக்கற முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு கிடையாது. எங்க ஊர்ல பிடிக்கறதில்லன்னு சொன்னா கோர்ட்ல எடுபடாது.

காசுக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு பயமே வேற. 2019-ல கொண்டுவந்த 194டி பிரிவுல ஆயிரம் ரூபாயோட மூணு மாசம் லைசென்ஸுக்கு தகுதி இழப்பும் சேர்ந்தே இருக்கு, கேஸை இழுத்துக்கிட்டே போயி தீர்ப்புல தோத்தீங்கன்னா டூல்ஸ் பையை மாட்டிக்கிட்டு வீடு வீடா பைக்ல போயி பொழைக்கிற நீங்க அந்த மூணு மாசம் என்ன பண்ணுவீங்க, யோசிச்சீங்களா? அது போக ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போச்சு, பெட்ரோல், வக்கீல் ஃபீஸ் வேற, ஜெயிச்சாலும் இதுல ஒத்த ரூபா யாரும் திருப்பித் தரப் போறதில்ல.

ஃபைனை எதிர்த்து யாருமே கோர்ட்டுக்குப் போகக்கூடாதுன்னு நான் சொல்லல. கேமரா ஃபோட்டோல இருக்கற வண்டி உங்களுது இல்ல, நம்பரை தப்பா படிச்சிருக்காங்கன்னா கட்டாயம் போராடணும், கையில ஆதாரம் இருக்கு. உங்க விஷயத்துல ஹெல்மெட் போடலன்னு நீங்களே ஒத்துக்கறீங்களே.

இது சமரசமா முடிச்சுக்கற வகை கேஸ்தான். மக்கள் நீதிமன்றத்துல வைக்க முடியுமான்னு வக்கீல்கிட்ட கேளுங்க, அங்க கோர்ட் ஃபீஸ் இல்ல, முடிஞ்சா முடிஞ்சதுதான், அப்பீலும் கிடையாது. அது வரைக்கும் கோவத்துல வாய்தாவுக்குப் போகாம மட்டும் இருந்துடாதீங்க, பிடிவாரண்ட் போட்டாங்கன்னா ஆயிரம் ரூபா விஷயம் எங்கயோ போயிடும்.