மெட்டே இல்லாத இருண்ட இண்டஸ்ட்ரியல் ஆல்பத்தை எப்படி ரசிப்பது?

இண்டஸ்ட்ரியல் இசை என்பது இயந்திர ஓசை, உலோக மோதல், சிதைக்கப்பட்ட குரல், ஒலிநாடாத் துண்டுகள் ஆகியவற்றையே இசைப்பொருளாகக் கொள்ளும் வகையாகும். 1976-இல் த்ராபிங் கிரிசில் இசைக்குழுவினர் இங்கிலாந்தில் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரே இந்த வகைக்கும் பெயராயிற்று.

மெட்டைத் தேடும் காதுக்கு இதில் பிடி கிடைக்காது. ஆனால் ஒரே ஓசை திரும்பத் திரும்ப வரும்போது மூளை அதைப் பழகிப் பின்னுக்குத் தள்ளிவிடுவதால், அதில் நிகழும் சிறு மாற்றம்கூடப் பெரிதாகத் தெரிகிறது. இவ்விசை நம்பியிருப்பது அந்த இயல்பையே. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் முதன்முறை நுழைபவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். அங்கேயே வேலை செய்பவருக்கோ இலையை வாட்டும் விசிறியும், அரைக்கும் உருளைகளும், உலர்த்தும் இயந்திரமும் தனித்தனியே கேட்கும், ஓர் உருளையின் ஓட்டம் பிசகினாலும் உடனே திரும்பிப் பார்ப்பார். ஆகவே ஆல்பத்தைத் துண்டு துண்டாகத் தாவாமல் முழுதாக, மிதமான ஒலியளவில் கேட்பது நல்லது. (ஜூலை மழை தகரக் கூரையில் அறையும் ஊட்டி மாலையில் மட்டும் வேண்டாம், எது மழை, எது இசை என்று குழம்பிப்போகும்.)

இருளையும் வன்முறையையும் காட்டுவதாலேயே இக்கலைஞர்கள் அவற்றைப் போற்றுகிறார்கள் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் இக்கலைஞர்கள் கேள்விக்குள்ளாக்குவது தொழிற்சமூகம் மனிதரை நடத்தும் விதத்தைத்தான்.