பழைய பேஸ் கிற்றாருக்கு மறுவாழ்வு

கேள்வி: எனது தந்தையார் இசைக்குழுவில் வாசித்த, கையால் செய்யப்பட்ட மின் பேஸ் கிற்றாரின் கழுத்து வளைந்து, ஒலியும் கரகரக்கிறது. பூச்சை உரசியெடுத்துப் புதிதாக வர்ணம் பூசலாமா?
- வாசகர், குருநகர்

பதில்: பூச்சில் தயவுசெய்து கை வைக்காதீர்கள், செய்தவரின் கைவண்ணம் அதில்தான் தங்கியிருக்கிறது. கழுத்தினுள் வளைவைச் சீர்செய்யும் இரும்புக் கம்பி இருந்தால், தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேற்படாமல் அதைத் திருகி, மறுநாள் வரை பொறுத்துப் பார்த்த பின்னரே மீண்டும் திருக வேண்டும். கரகரப்புக்குப் பெரும்பாலும் ஒலியளவுக் குமிழின் அடியில் சேர்ந்த அழுக்கும், நமது கடற்காற்றின் உப்பால் அரித்துப்போன இணைப்புகளுமே காரணம். மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் தெளிப்பான் பலவேளைகளில் போதும். இறுதியாக, வீணையில் மெட்டு (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) பார்ப்பதுபோல, 12ஆவது மெட்டில் அழுத்திய ஒலி திறந்த தந்தியைவிடச் சரியாக ஒரு ஸ்தாயி உயர்ந்திருக்கிறதா எனச் சோதியுங்கள்.