புதிர்ப் பக்கம்: எரியும் கயிறும் பதினேழு ஆடும்

கேள்வி: இரண்டு கயிறுகள். ஒவ்வொன்றும் எரிந்து தீர 60 நிமிடம் ஆகும். ஆனால் சீராக எரியாது. கடிகாரம் இல்லாமல் 45 நிமிடத்தை அளக்க வேண்டும். கயிற்றை நான்காக மடித்து முக்காலில் குறி போட்டேன். தவறு என்கிறார்கள். ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: ‘சீராக எரியாது’ என்பதைப் படித்தும் தாண்டிப் போய்விட்டீர்கள். முதல் கால்பகுதியே 50 நிமிடம் இழுத்துவிட்டு, மீதி முக்கால் 10 நிமிடத்தில் பொசுங்கிவிடலாம். அப்படிப்பட்ட கயிற்றில் நீளத்தை வைத்து நேரம் சொல்ல முடியாது. ஆகவே குறியும் வேண்டாம், மடிப்பும் வேண்டாம்.

முதல் கயிற்றை இரண்டு முனையிலும், இரண்டாவதை ஒரு முனையிலும் ஒரே நேரத்தில் பற்றவையுங்கள். முதல் கயிற்றில் இரண்டு நெருப்பும் எங்கே சந்திக்கும் என்று சொல்ல முடியாது, நடுவில்தான் என்ற அவசியமும் இல்லை. ஆனால் 60 நிமிட வேலையை இரண்டு பேர் பங்கு போடுவதால் சரியாக 30 நிமிடத்தில் முடியும். அது அணைந்த நொடியில் இரண்டாவது கயிற்றில் 30 நிமிட எரிப்பு பாக்கி இருக்கும். உடனே அதன் மறுமுனையையும் பற்றவைத்தால் பாக்கி 15 நிமிடத்தில் தீரும். 30 + 15 = 45.

ஊதுவத்தியை வைத்துச் செய்து காட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அது ஏறக்குறைய சீராக எரிவதால் குறி போட்டாலே வேலை முடிந்துவிடும், புதிருக்கு உயிர் இருக்காது.

கேள்வி: அப்பாவும் மகனும் போன கார் விபத்தில் அப்பா இறந்துவிடுகிறார். மகனை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனால், டாக்டர் “இவன் என் மகன், என்னால் முடியாது” என்கிறார். எப்படி? டாக்டர் அவனுடைய அம்மா என்பது விடை. எழுதிக் கொடுத்தால் திணறுகிறவர்கள், வாயால் சொன்னால் உடனே பிடித்துவிடுகிறார்களே?
– வாசகி, மதுரை

பதில்: வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. எழுத்தில் ‘டாக்டர் வந்தார்’ என்றால் ஆணா பெண்ணா தெரியாது. பேச்சில் அப்படி இல்லை. ‘வந்தாரு’ என்றால் காதில் ஆணாகத்தான் விழும். பிறகு அம்மா என்றால் ஏமாற்றியதாகிவிடும். ‘வந்தாங்க’ என்றால் பெண்ணாக இருக்கலாம் என்று பாதிப்பேருக்குப் பொறிதட்டிவிடும்.

எனவே டாக்டரை எழுவாயாக வைத்து வாக்கியத்தை முடிக்காதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “டாக்டர் உள்ள வந்ததும், பையனப் பாத்ததும், முகமே மாறிப்போச்சு. ‘இவன் என் மகன், என்னால ஆபரேஷன் பண்ண முடியாது’ன்னு சொல்லிட்டு வெளிய போயாச்சு.” வந்ததும், பார்த்ததும், மாறிப்போச்சு, முடியாது, போயாச்சு: ஒன்றிலாவது ஆண்பால் பெண்பால் உண்டா? பொய்யும் சொல்லவில்லை, விடையும் கசியவில்லை. ஆங்கிலத்திலிருந்து வரும் பல புதிர்கள் தமிழில் சப்பென்று போவதற்கு இந்த விகுதிதான் காரணம். சொல்லுமுன் ஒவ்வொரு வினைமுற்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ‘ஆம், இல்லை’ என்று மட்டும் பதில் சொல்லும் புதிர் விளையாட்டைக் குடும்பக் கூடுகையில் நடத்தினால் சீக்கிரமே களைத்துவிடுகிறார்கள். எப்படி நடத்துவது?
– வாசகர், தேனி

பதில்: நேர்வழியை விட்டு வேறு கோணத்தில் யோசிப்பதற்குப் பக்கவாட்டுச் சிந்தனை (lateral thinking) என்று 1967இல் எழுத்தாளர் எட்வர்ட் டி போனோ பெயர் சூட்டினார். அந்த வகைக்கு நெருங்கிய உறவு இது. மூன்றாவதாக ஒரு பதில் வேண்டும்: ‘பொருந்தாது’. அது இல்லாவிட்டால் தேவையில்லாத ‘இல்லை’ ஒன்று எல்லோரையும் தவறான தெருவுக்கு அழைத்துப்போய்விடும்.

பத்தாவது மாடிக்காரர் புதிரை எடுத்துக்கொள்வோம். இறங்கும்போது லிஃப்டில் தரைத்தளம் வரை வருவார். ஏறும்போது தனியாக இருந்தால் ஏழாவது மாடியில் இறங்கி, மீதியைப் படியேறுவார். மழை நாளில் மட்டும் நேராகப் பத்துக்குப் போவார். (அவர் உயரம் குறைந்தவர். ஏழாம் எண் பொத்தான் வரைதான் கை எட்டும். மழை நாளில் குடையின் முனையால் பத்தை அழுத்திவிடுவார்.) “லிஃப்டில் கோளாறா?” இல்லை. “அவருக்கு என்ன வேலை?” இதற்குப் பதில் சொல்லாதீர்கள், கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். “கூட ஆள் இருந்தால் பத்துக்கே போவாரா?” ஆம். இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிக்கிணறு தாண்டியாயிற்று.

தேங்கி நின்றால் புதிதாகத் துப்பு கொடுக்க வேண்டாம், ‘மழை நாள்’ வரியை மட்டும் திரும்பச் சொன்னால் போதும். சொன்ன தகவல் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வேறு விடை வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘நான் நினைத்தது அதில்லை’ என்று மறுக்கிற இடத்தில்தான் கூட்டம் களைக்கிறது.

கேள்வி: 17 ஆடுகளை மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, இளையவனுக்கு ஒன்பதில் ஒரு பங்கு என்று பிரிக்கும் கணக்கில், ஒரு ஆட்டைக் கடன் வாங்கித் திருப்பியும் கொடுத்துவிடுகிறார்களே, எப்படி?
– வாசகி, திருச்சி

பதில்: மூன்று பங்கையும் கூட்டிப் பாருங்கள்: பதினெட்டில் பதினேழுதான் வரும். அப்பா சொத்து முழுவதையும் பிரிக்கவே இல்லை. 18 ஆடாக்கினால் 9, 6, 2, கூட்டினால் 17, இரவல் ஆடு மிச்சம். மூத்தவனுக்கு எட்டரைக்குப் பதில் 9 கிடைக்கிறது. மற்ற இருவருக்கும் கொஞ்சம் கூடுதல்தான்.

நீங்களே புதிதாகச் செய்ய, பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றுக்கு ஒரே ஒரு கூறு குறையும்படி பாருங்கள். பாதி, கால், ஆறில் ஒன்று: பன்னிரண்டில் பதினொன்று. எனவே 11 ஆடு, ஒன்று இரவல். 6, 3, 2. பாதி, கால், எட்டில் ஒன்று என்றால் 7 ஆடு. 4, 2, 1. பங்கின் கீழ் எண் ஒவ்வொன்றாலும் இரவலோடு சேர்ந்த எண் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டை அறுக்க வேண்டிவரும்.