லண்டனில் தேயிலை ஏலம் இல்லை, தம்பி

தம்பி, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நான்கு வருடமாக உதவி டீ மேக்கராக இருப்பதாகவும், லண்டனில் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தொழில் இலக்குக் கட்டுரையில் கன்சல்டிங் என்று போட்டால்தான் எடுப்பார்களா, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்ததைச் சொல்லலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

நானும் தலவாக்கலையில் லயத்தில் பிறந்தவன். தோட்ட ஆபிசில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து பதினான்கு வருடமாகிறது. முதல் விண்ணப்பத்தில் நான் அடித்த கூத்தை முதலில் கேளுங்கள். உலகத் தேயிலை வணிகத்தின் தலைநகரான லண்டனின் ஏலச் சந்தையில் தொழில் பழகப்போகிறேன் என்று நெஞ்சு நிமிர்த்தி எழுதினேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் நேர்முகம். எதிரே இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "லண்டன் ஏலம் 1998 இலேயே நின்றுவிட்டதே" என்றார். 1883 இல் தொடங்கிய ஏலம் இன்றும் வாரந்தோறும் நடக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஏலத்தைத் தேடிக் கடல் கடக்கிறேன் என்றிருக்கிறேன்! இடம் கிடைக்கவில்லை.

கன்சல்டிங் என்று எழுதுவதில் பாவமில்லை. ஆனால் ஸ்டோரிலிருந்து அங்கே போகும் வழி படிப்பவருக்குத் தெரிய வேண்டும். படிப்பு முடிந்து மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று வணிகப் பள்ளிகள் கணக்கு வெளியிடுகின்றன. ஆகவே உங்களை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்றுதான் கட்டுரையில் தேடுவார்கள். நியூயார்க்கின் கொலம்பியா வணிகப் பள்ளி உடனடி இலக்கை 50 எழுத்துக்குள் கேட்டதுண்டு. அதற்குள் 'தலைமைத்துவம்', 'சமூக மாற்றம்' என்று அளக்க இடமில்லை. ஒரு வேலையின் பெயரும் துறையும்தான் அடங்கும். நீங்கள் எங்கே விண்ணப்பித்தாலும் முதலில் அந்த 50 எழுத்தை எழுதிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. கொழுந்து லொறி தாமதமாக வந்தால் சாக்கின் நடுவில் கையை விட்டுப் பார்ப்பீர்களாம். சூடு தெரிந்தால் அந்தக் கொழுந்தைத் தனியாக வாட்டப் போடுவீர்களாம். அட, கட்டுரை அங்கேயல்லவா இருக்கிறது! சாக்கில் சூடேறிச் சிவந்த கொழுந்து நல்லதோடு கலந்தால் கோப்பையில் தெரியும். ஏலத்தில் விலை இறங்கும். லொறியின் நேரத்துக்கும் கொழும்பு விலைக்கும் உள்ள தொடர்பைக் கையால் தொட்டு அறிந்தவர் அந்த வகுப்பில் வேறு யார் இருக்கப் போகிறார்கள்? முதல் இலக்காகத் தேயிலை நிறுவனமொன்றின் கொள்முதல் பிரிவைச் சொல்லலாம். பத்து வருடம் கழித்து, சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கி, சொந்தப் பெயரில் பொதி செய்து விற்கும் ஸ்டோர் ஒன்றைச் சொல்லலாம். மனதில் வேறு ஏதாவது இருந்தால் இதை விட்டுவிடுங்கள். நேர்முகத்தில் துருவுவார்கள், இரவல் இலக்கு இரண்டாவது கேள்விக்கே தாங்காது.

லயத்தைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள், இரண்டு மூன்று வரியில். மறுவருடம் நான் எழுதிய வரைவில் ஒழுகும் தகரம், அம்மாவின் கூடை, பறித்த கிலோ குறைந்து அவருக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட நாட்கள் என்று பக்கம் முழுக்க அழுது வைத்திருந்தேன். வாசித்த நண்பன், "எல்லாம் சரி, படித்துவிட்டு என்ன வேலைக்குப் போகிறாய்?" என்று கேட்டான். அது எந்த வரியிலும் இல்லை.

பணத்துக்கு பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலும் கேட்பீர்கள். அதிலும் தொழில் திட்டம் எழுத வேண்டும். படித்து முடித்ததும் குறைந்தது இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. பள்ளிக்கு லண்டன் வேலை, செவனிங்குக்கு ஹட்டன் என்று இரட்டைக் கணக்கு எழுதாதீர்கள். முதல் வேலையைக் கொழும்பில் வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும்.

இன்னொன்று, சிபாரிசுக் கடிதம். உங்களுக்கும் தோட்ட முகாமையாளரான துரைதான் தருவார் என்று நினைக்கிறேன். நான் வெட்கப்பட்டு என் துரையிடம் எதையும் சொல்லவில்லை. நான் ஏலம் என்று எழுத, அவர் 'நல்ல தோட்ட முகாமையாளராக வருவார்' என்று எழுதிக் கொடுத்தார். ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்து அவர் ஆபிசில் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய், அந்த 50 எழுத்தை அவரிடம் காட்டிவிடுங்கள்.